பிரிண்டர் மென்பொருளால் கம்ப்யூட்டர் மந்தமாகிறதா? ஃபார்மட் செய்வதற்கு முன் இதைப் படியுங்கள்



கம்ப்யூட்டர் திடீரென்று மந்தமானால் "வைரஸாக இருக்கும், ஃபார்மட் போட்டுவிடலாம்" என்பதே பலரது முதல் முடிவு. அப்படிச் செய்து பல வருடக் குடும்பப் புகைப்படங்களையும் பிள்ளைகளின் சான்றிதழ் நகல்களையும் இழந்தவர்கள் உண்டு. சில நேரங்களில் உண்மையான காரணம் பிரிண்டர் மென்பொருளாக இருக்கும். அதை வீட்டிலேயே சரிசெய்யலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எதையும் பிரிண்ட் எடுக்காத நேரத்திலும் 'ஸ்பூலர் சப்சிஸ்டம் ஆப்' சிபியுவை அதிகமாக எடுத்துக்கொண்டிருந்தால், பிரிண்ட் ஆகாமல் சிக்கிய கோப்பு இருக்கக்கூடும். நாம் பிரிண்ட் கொடுக்கும் கோப்பை வாங்கி வைத்து, வரிசைப்படி பிரிண்டருக்கு அனுப்புவதுதான் ஸ்பூலரின் வேலை.

சிக்கிய கோப்பை நீக்குதல்

1. பிரிண்டரை அணைத்துவிடுங்கள்.
2. விண்டோஸ் தேடலில் 'சர்வீசஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டித் திறந்து, 'பிரிண்ட் ஸ்பூலர்' மீது வலது கிளிக் செய்து 'ஸ்டாப்' கொடுங்கள்.
3. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று வரிசையாகத் திறந்து, உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள். ஃபோல்டரை அழிக்க வேண்டாம்.
4. மீண்டும் பிரிண்ட் ஸ்பூலருக்கு 'ஸ்டார்ட்' கொடுத்து, பிரிண்டரை இயக்குங்கள்.

தேவையற்ற துணை மென்பொருள்கள்

பிரிண்டருடன் வரும் மை அளவு காட்டி, அப்டேட் தேடி, ஸ்கேன் உதவி போன்றவை கம்ப்யூட்டரைத் திறக்கும்போதே ஓடத் தொடங்கலாம். டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் அவற்றை 'டிஸேபிள்' செய்யுங்கள். பெரும்பாலும் பிரிண்ட் எடுப்பதற்கு டிரைவர் மட்டும் போதும்.

வேர்டு திறக்கவே நேரமாகிறதா?

அலுவலகத்தில் இணைத்த நெட்வொர்க் பிரிண்டர் 'டிஃபால்ட்' ஆக இருந்தால், வீட்டிலும் வேர்டு அதைத் தேடிக் காத்திருக்கும். செட்டிங்ஸில் வீட்டுப் பிரிண்டரையோ 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்பதையோ டிஃபால்ட் ஆக்குங்கள். பயன்படுத்தாத பழைய பிரிண்டர்களைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

இன்னும் சரியாகவில்லையா?

யுஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டு, பிரிண்டர் மென்பொருளை 'அன்இன்ஸ்டால்' செய்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பின்பு தயாரிப்பு நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் புதிய டிரைவரை இறக்கி நிறுவுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, கூகுளில் 'பிரிண்டர் ஹெல்ப்லைன்' என்று தேடிக் கிடைக்கும் எண்ணை எல்லாம் அழைக்காதீர்கள். போலி உதவி மையங்கள், கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்லி வங்கிப் பணத்தைத் திருடுகின்றன. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவைக்காதீர்கள். 2021இல் 'பிரிண்ட் நைட்மேர்' என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை இதே பிரிண்ட் ஸ்பூலரில்தான் கண்டறியப்பட்டு, அப்டேட் மூலம் அடைக்கப்பட்டது.

கடையில்தான் கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால், முதலில் முக்கியக் கோப்புகளை வேறொரு ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து வையுங்கள். ஆதார், பாஸ்போர்ட் நகல்கள், குடும்பப் பெண்களின் புகைப்படங்கள் எல்லாம் நம்மிடம் உள்ள அமானிதம். அவற்றைக் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட்டுக் கொடுப்பதே பாதுகாப்பானது.

இன்ஷா அல்லாஹ், இந்த விவரங்கள் ஒரு குடும்பத்தின் வீண் செலவையாவது தடுக்கட்டும்.