மெய்நிகர் இயந்திரங்கள் பேசத் தொடங்கிய கதை

ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறார்கள். ஆனால், ஒவ்வொருவருக்கும் அந்தக் கணினி முழுவதும் தனக்கே சொந்தம் போலத் தெரிகிறது. 1960களில் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில், ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் நிலையத்தில் ரொபர்ட் கிரீசி தலைமையிலான குழு இந்த ஏற்பாட்டை உருவாக்கியது. இப்படிப் பிரித்துக் கொடுக்கப்படும் ஒவ்வொரு 'கணினி'யும் மெய்நிகர் இயந்திரம் எனப்படுகிறது. 1972 ஓகஸ்டில் வி.எம்./370 என்ற பெயரில் இது வாடிக்கையாளர்களுக்கு அறிவிக்கப்பட்டது.

ஒருவருடைய தவறு அடுத்தவரின் வேலையைக் கெடுக்கக்கூடாது என்பதற்காகவே இயந்திரங்களுக்கிடையே இந்தச் சுவர்கள் எழுப்பப்பட்டன. ஆனால் சேர்ந்து வேலை செய்பவர்கள் பேசிக்கொள்ளவும் வேண்டுமே!

அதற்கான வழி அக்காலத்துத் துளை அட்டைகளிலிருந்து வந்தது. ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்துக்கும் கற்பனையான ஓர் அட்டை துளைப்பானும் அட்டை வாசிப்பானும் இருந்தன. ஒருவர் தன் கோப்பைத் 'துளைத்தால்', அது அடுத்தவரின் வாசிப்பானில் போய் விழும். உண்மையான அட்டை ஒன்றுகூடத் தேவையில்லை. அவசரச் செய்திக்கு ஒற்றை வரிக் கட்டளை ஒன்றும் இருந்தது. அடுத்தவர் கணினியில் நுழைந்திருந்தால் செய்தி உடனே அவருடைய முனையத்தில் தோன்றும். இல்லாவிட்டால் போய்ச் சேராது.

மனிதர்களுக்கு இது போதுமானதாக இருந்தது. நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ள 1970களில் வி.எம்.சி.எப். என்ற வசதி வந்தது. ஓர் இயந்திரத்தின் நினைவகத்திலிருந்து இன்னொன்றின் நினைவகத்துக்குத் தரவை நேரடியாக அனுப்ப இது உதவியது. பின்னர் வந்த ஐ.யூ.சி.வி. முறையில், ஒரு பக்கம் இணைப்புக் கேட்க வேண்டும், மறுபக்கம் அதை ஏற்க வேண்டும். அதன் பின்னரே தரவு போகும்.

கணினிகளுக்கிடையிலான அஞ்சலையும் ஒரு மெய்நிகர் இயந்திரமே கவனித்தது. எட்சன் ஹென்ட்ரிக்ஸ் உருவாக்கிய ஆர்.எஸ்.சி.எஸ். என்ற மென்பொருள் அதில் இயங்கி, கோப்புகளைத் தொலைபேசிக் கம்பிகள் வழியே அடுத்த நகரத்துக்கு அனுப்பியது. இதன் மீது வளர்ந்த ஐ.பி.எம்மின் உள் வலையமைப்பு, 1980களின் தொடக்கத்தில் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெற்றைவிடப் பெரியதாக இருந்தது. 1981இல் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தையும் யேல் பல்கலைக்கழகத்தையும் இணைத்து பிட்நெற் என்ற கல்வி வலையமைப்பு தொடங்கியது. 1985இல் அதில் ஜெஃப் கெல் எழுதிய 'ரிலே' என்ற நிரல், ஒருவர் அனுப்பிய வரியைக் குழுவிலுள்ள எல்லோருக்கும் பரப்பியது. 1988இல் பின்லாந்தில் பிறந்த ஐ.ஆர்.சி. அரட்டை முறைக்கு இதுவும் ஒரு தூண்டுதல்.

1987 டிசம்பரில் அதே வழியில் வினை வந்தது. மேற்கு ஜேர்மனியின் கிளவுஸ்தால் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் எழுதிய வாழ்த்து நிரல், இயக்கியவரின் திரையில் ஒரு கிறிஸ்மஸ் மரத்தைக் காட்டியது. கூடவே, அவருடைய முகவரிப் பட்டியலிலும் அஞ்சல் பதிவேட்டிலும் இருந்த எல்லோருக்கும் தன் பிரதியை அனுப்பியது. வாழ்த்து தெரிந்தவரிடமிருந்து வந்ததால் பெற்றவர்களும் அதை இயக்கினார்கள். ஐரோப்பிய, அமெரிக்கக் கல்வி வலையமைப்புகளைக் கடந்து ஐ.பி.எம்மின் வலையமைப்பும் திணறியது.

அந்த நிரல் எந்தச் சுவரையும் உடைக்கவில்லை. ஓர் இயந்திரம் இன்னொன்றின் நினைவகத்துக்குள் அத்துமீறவும் இல்லை. பயனர்களே தம் வாசிப்பானுக்கு வந்ததை எடுத்து இயக்கினார்கள்.

இன்றைய மேகக் கணிமையும் மெய்நிகர் இயந்திரங்களின் மீதே பெருமளவில் நிற்கிறது. ஐ.யூ.சி.வி. இன்னும் ஐ.பி.எம். மெயின்பிரேம்களில் இயங்குகிறது. நண்பரின் பெயரில் கைபேசிக்கு வரும் இணைப்பைத் தட்டும் முன், அந்தக் கிறிஸ்மஸ் மரத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.