காட்டின் மூத்த குடியினர்



பட்டர்வொர்த்திலிருந்து கிழக்கே கூலிம் வழியாகச் சென்றால், ரப்பர்த் தோட்டங்களையும் செம்பனைத் தோட்டங்களையும் கடந்து பாலிங் நகரை அடையலாம். 1955 டிசம்பரில் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் சமாதானம் பேசிய ஊர் என்று சரித்திரத்தில் படித்திருப்பீர்கள். அதே வட்டாரத்தில் உலு லெகோங் என்னுமிடத்தில் கென்சியூ மக்கள் வாழ்கின்றனர். பினாங்குக்கு இவ்வளவு அருகில் இருந்தும் நம்மில் பலர் அவர்களை அறிந்ததில்லை.

தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளை ஓராங் அஸ்லி என்கிறோம். மலாய் மொழியில் ஆதி மக்கள் என்று பொருள். அவர்களுள் 18 பிரிவினர் உண்டு. மொத்தம் சுமார் 2 லட்சம் பேர். கென்சியூ மிகச் சிறிய பிரிவுகளுள் ஒன்று.

கென்சியூவின் முன்னோர் ஓரிடத்தில் தங்கியதில்லை. சில குடும்பங்கள் கூட்டாகக் காட்டில் சுற்றுவார்கள். தங்குமிடத்தில் கம்புகளை நட்டு, ஓலையைச் சாய்த்துக் கட்டினால் வீடு முடிந்தது. பெண்கள் காட்டுக் கிழங்கைத் தோண்டுவார்கள். ஆண்கள் மூங்கில் ஊதுகுழலால் வேட்டையாடுவார்கள். அம்பு நுனியில் தடவுவது ஈப்போ மரத்தின் பால். பேராக்கின் ஈப்போ நகரம் அந்த மரத்தின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. நஞ்சு இரத்தத்தில் கலந்தால் விலங்கு விழும். இறைச்சியைச் சமைத்து உண்பவருக்குத் தீங்கில்லை. கிடைத்த இறைச்சி அடித்தவருக்கு மட்டும் சொந்தமாகாது. எல்லா அடுப்புக்கும் பங்கு போகும்.

இவர்களுக்கு மொழியால் உறவினர் ஜஹாய் மக்கள். நாமோ வாசனையைச் சொல்ல 'மல்லிகை மாதிரி', 'மண்ணெண்ணெய் மாதிரி' என்று வேறொன்றைத் துணைக்கு அழைக்கிறோம். ஜஹாய் மொழியில் வாசனைக்கென்றே தனிச் சொற்கள் பல உள்ளன. பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் மூன்றுக்கும் பொருந்தும் ஒரு சொல்லும் உண்டு. 2014இல் வெளியான ஆய்வொன்று இதை உலகறியச் செய்தது. நம் ரப்பர்ப் பால் கொட்டகைக்கு என்ன சொல் சொல்வார்களோ!

இத்தகைய மக்களை முன்பு 'சாக்காய்' என்று அழைத்தனர். அடிமை, பிறரை அண்டிப் பிழைப்பவன் என்ற இழிபொருள் அதற்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஆள்பிடிப்போர் காட்டுக்குள் புகுந்து, பிள்ளைகளைத் தூக்கிச் சென்று விற்றனர். அந்தக் கொடுமையின் கறை அச்சொல்லில் படிந்திருக்கிறது. தலை சீவாத பிள்ளையை அப்படி ஏசும் பெரியவர்கள் இதைக் கேட்க வேண்டும். 'கூலி' என்ற சொல் நம் பாட்டனாரை எப்படிச் சுட்டதோ, அப்படித்தான் இதுவும்.

1948இல் அவசரகாலம் தொடங்கியது. தோட்ட லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி எழுந்த கதையைத் தாத்தாக்கள் சொல்லியிருப்பார்கள். ஓராங் அஸ்லி மக்களையும் காட்டிலிருந்து இறக்கி வேலிக்குள் வைத்தனர். சமவெளி வெப்பமும் நோயும் தாங்காமல் பலர் மாண்டனர். பிறகுதான் அரசு முறையை மாற்றி, காட்டுக்குள்ளேயே கோட்டைகளும் மருந்தகங்களும் அமைத்தது.

நிலம் பற்றிய வழக்கு அண்மைக் காலத்தது. சிலாங்கூர் டெங்கில் அருகே புக்கிட் தம்போய் என்னுமிடத்தில் தெமுவான் பிரிவினர் வாழ்கின்றனர். விமான நிலையச் சாலைக்காக 1995இல் அவர்களுடைய நிலத்தின் ஒரு பகுதி எடுக்கப்பட்டது. வீட்டுக்கும் மரங்களுக்கும் பயிருக்கும் பணம் தந்தனர், மண்ணுக்குத் தரவில்லை. சாகோங் தாசியும் இன்னும் சிலரும் நீதிமன்றம் சென்றனர். வழிவழியாக வாழ்ந்த மண்ணுக்கு அவர்களே உரியவர் என்று 2002இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இழப்பீடு பற்றி உடன்பாடு காண 2010 வரை காத்திருந்தார்கள்.