கோடை ஓய்வும் பாசன நாட்காட்டியும்: சேத்தியாத்தோப்பு வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் கோடைக்காலம் நெடுங்காலமாக ஓய்வுக்கும் திருவிழாவுக்கும் கூத்துக்கும் உரிய பருவமாக இருந்து வந்துள்ளது. இவ்வோய்வை வெயிலின் விளைவாகக் கருதுவதே பொதுவான வழக்கு. பாசன நீர் நிறுத்தப்பட்டு மீண்டும் திறக்கப்படும் வரையிலான இடைவெளியே இதற்கு அடிப்படை என்று இக்கட்டுரை வாதிடுகிறது. அவ்விடைவெளி நிலமுடையோர்க்கு ஓய்வாகவும் உழைப்பாளர்க்கு வேலையற்ற காலமாகவும் அமைந்ததையும், கரும்பு, ஆழ்துளைக் கிணறு, சென்னைக் குடிநீர்த் திட்டம் ஆகியவற்றால் அது சுருங்கியதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச் சொற்கள்: வேனில், வீராணம் ஏரி, பாசனம், தெருக்கூத்து, படுகளம், குடிமராமத்து, கோடை ஓய்வு.

முன்னுரை

விருத்தாசலத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றின் கரையில், விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள பேரூர் சேத்தியாத்தோப்பு. மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றுடன் கலக்கிறது. கலந்த ஆறு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைக் கடந்து பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகிறது. ஊருக்குத் தெற்கே வீராணம் ஏரியின் நீண்ட கரை தொடங்குகிறது. வடக்கே நெய்வேலியின் நிலக்கரிச் சுரங்கங்களும் வடலூரும் உள்ளன. மேற்கே முந்திரிக் காடுகளும் விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்கூடங்களும் உள்ளன. ஆற்றுப் பாசனம், ஏரிப் பாசனம், மானாவாரி நிலம் ஆகிய மூன்றும் சந்திக்கும் இவ்விடம், பருவத்திற்கும் உழைப்புக்கும் இடையிலான உறவை ஆராய ஏற்ற களமாகும்.

தமிழக வேளாண்மை வரலாறு பெரும்பாலும் விளைச்சல் காலத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. வயல் வெறுமையாகக் கிடந்த மாதங்களில் மக்கள் என்ன செய்தனர் என்னும் வினா, நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுகளில் திருவிழா என்னும் தலைப்பில் மட்டுமே இடம்பெறுகிறது. அவ்விரு துறைகளையும் இணைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

வேனில்: இலக்கண மரபும் வட்டாரத் தட்பவெப்பமும்

தொல்காப்பியம் பாலைத் திணைக்கு வேனிலைப் பெரும்பொழுதாகவும் நண்பகலைச் சிறுபொழுதாகவும் வகுக்கிறது. உரையாசிரியர் வழிவந்த மரபு, சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்றும் ஆனியும் ஆடியும் முதுவேனில் என்றும் மாதங்களைப் பிரிக்கிறது. இன்றைய பஞ்சாங்க வழக்கில் கடும் வெயிலுக்குரியதாகச் சுட்டப்படும் கத்திரி, அதாவது அக்கினி நட்சத்திரம், மே மாதத் தொடக்கத்திலிருந்து அம்மாத இறுதி வரை அமைகிறது. இது முழுவதும் இளவேனிலுக்குள் அடங்கிவிடுவதால், இலக்கண மரபு நடைமுறைக்குப் பொருந்தவில்லையோ என்னும் ஐயம் எழக்கூடும்.

கடலூர்க் கடற்கரையை ஒட்டிய நிலப்பகுதியில் இந்த ஐயத்திற்கு இடமில்லை. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஆனி மாதத்தில், மலைத்தொடரின் மழைமறைவில் இருக்கும் இப்பகுதிக்கு வறண்ட மேல்காற்று வந்து சேர்கிறது. அது வலுத்து வீசும் நாள்களில், பிற்பகலில் வரவேண்டிய கடற்காற்று தாமதமாகிறது. ஆகவே கத்திரி கழிந்த பின்னரும் வெக்கை தணிவதில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழி இம்மேல்காற்றின் வலிமையைச் சுட்டுவதே. ஆனியையும் ஆடியையும் முதுவேனில் என்றது இவ்வட்டாரத்தைப் பொறுத்தவரை நேரிய கணிப்பாகும்.

நீர் நின்ற காலம்

வெயில் மட்டுமே உழைப்பை நிறுத்துவதாயின், அதே வெயிலில் முந்திரி பொறுக்குவோரும் செங்கல் சூளையில் உழைப்போரும் இருந்தமைக்கு விளக்கம் கூற இயலாது. எனவே நீரின் நாட்காட்டியைப் பார்க்க வேண்டியுள்ளது.

வீராணம் ஏரி முதற்பராந்தக சோழன் (கி.பி. 907–955) காலத்தது. அவனது வீரநாராயணன் என்னும் விருதுப்பெயரே ஏரியின் பெயராயிற்று. 1836ஆம் ஆண்டு ஆர்தர் காட்டனின் முயற்சியால் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. அங்கிருந்து வடவாறு வழியாக ஏரிக்குக் காவிரி நீர் வரத் தொடங்கியபின், வீராணத்தின் பருவம் காவிரியின் பருவத்தோடு பிணைக்கப்பட்டது. 1934இல் மேட்டூர் அணை பயன்பாட்டிற்கு வந்தபின் இப்பிணைப்பு மேலும் இறுகியது. ஜூன் 12ஆம் நாள் திறப்பதும் ஜனவரி 28ஆம் நாள் மூடுவதும் அவ்வணையின் வழக்கமான ஒழுங்கு. கடைமடைப் பகுதியாதலின் இங்கு நீர் பிந்தியே வந்து சேரும்.

இவ்வொழுங்கில் ஆண்டு எவ்வாறு பகுக்கப்பட்டது என்பதைக் காண்போம். சம்பா அறுவடை தையில் தொடங்கி மாசி வரை நீளும். அறுவடைக்குச் சில நாள் முன்பே, நெற்பயிர் நிற்கும்போதே, ஈர மண்ணில் உளுந்தும் பயறும் விதைக்கப்படும். அவை எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே விளைந்து பங்குனி வாக்கில் வீடு வந்து சேரும். அதன்பின் ஆடி வரை நஞ்சையில் செய்வதற்கு எதுவும் இல்லை. மாடுகள் வயலில் கட்டின்றி மேயும்; வரப்பு வழியாக நடந்தோர் வயலின் குறுக்கே நடப்பர். வேலிகளும் எல்லைகளும் தளர்ந்து நிலம் முழுவதும் பொதுவெளியாகும் இக்காலமே விளையாட்டுக்கும் விழாவுக்கும் இடமளித்தது.

இவ்விடைவெளியின் முடிவை அறிவிப்பது ஆடிப்பெருக்கு. 1950இல் தொடராக வெளிவரத் தொடங்கிய கல்கியின் பொன்னியின் செல்வன், ஆடிப் பதினெட்டாம் நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் மக்கள் கூடிக் களிக்கும் காட்சியோடு தொடங்குவது குறிப்பிடத்தக்கது. புதினம் புனைவே, எனினும், புதுவெள்ளத்தைக் கண்டபின் கோடை முடிந்து உழவு தொடங்குகிறது என்னும் வட்டார உணர்வை அத்தொடக்கம் பற்றிக்கொள்கிறது.

வீடும் தெருவும்

கோடையின் அன்றாடம் வெயிலைச் சுற்றி ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தது. விடியலுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் வேலை நடக்கும். நண்பகல் திண்ணைக்கும் மரநிழலுக்கும் உரியது. திண்ணையில் தாயமும் ஆடுபுலியும் பல்லாங்குழியும் ஆடப்பட்டன. இரவில் கயிற்றுக் கட்டில்கள் வாசலுக்கு வந்தன. காலையில் கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும், பகலில் மோரும் பழைய சோற்று நீராகாரமும், மாலையில் நுங்கும் வெள்ளரியும் உணவாயின. வைகாசியில் பண்ருட்டிப் பலா சந்தைக்கு வரும். வறண்ட வெள்ளாற்றின் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடங்களில் நீர் மொள்வது பெண்களின் பணியாயிற்று. ஆடவரின் ஓய்வுக்காலத்தில் பெண்களின் நடை தொலைவு கூடியது என்பதை இங்குக் கருத வேண்டும்.

குடிநீரைக் குளிர்வித்தது மண்பானை. சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. காற்று வறண்டிருக்கும்போது ஆவியாதல் விரைவதால், உடலை வாட்டும் மேல்காற்றே பானை நீரை நன்கு குளிர்விக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. பீங்கானின் மேற்பூச்சு நுண்துளைகளை அடைத்துவிடுவதால் நீர் கசிவதில்லை. கோப்பைக்கும் மின்காப்பு உறுப்புகளுக்கும் இது நற்பண்பு; குடிநீர்ப் பானைக்கு இது குறை. ஆகவே பீங்கான் நகருக்கு அருகிலேயே குயவரின் பானை தன் கோடைச் சந்தையை இழக்காமல் நின்றது. மண் காய்வதற்கும் சூளை வைப்பதற்கும் வெயில் வேண்டும் என்பதால், பிறர்க்கு ஓய்வான கோடை குயவர்க்கு உழைப்பின் உச்சமாக இருந்தது.

கூத்தும் படுகளமும்

வட தமிழகத்தில் திரௌபதி அம்மன் வழிபாடு செறிந்துள்ள நிலப்பரப்பில் பழைய தென்னார்க்காடு மாவட்டம் முதன்மையானது. பதினெட்டு நாள் முதலாகப் பல நாள்கள் நீளும் அவ்விழா கோடையில்தான் பெரும்பாலும் நடைபெறுகிறது. பகலில் பாரதப் பிரசங்கம்; இரவு முழுவதும் தெருக்கூத்து. பிரசங்கத்தின் மூலநூல், திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவராகக் கூறப்படும் வில்லிபுத்தூராரின் பாரதம். அர்ச்சுனன் தபசு மரமேறும் நிகழ்வைத் தொடர்ந்து இறுதி நாளில் படுகளம் நடைபெறும். திறந்த வெளியில் மண்ணால் பேருருவாகச் செய்யப்பட்டுப் படுத்த நிலையில் கிடக்கும் துரியோதனன் கொல்லப்பட்டு, திரௌபதி கூந்தல் முடித்தபின், மாலையில் தீமிதி நடைபெறும்.

இவ்விழாவின் தேவைகளைப் பட்டியலிட்டால் கோடை இடைவெளியின் பயன் விளங்கும். படுகளத்திற்குப் பயிரற்ற வெளி வேண்டும். மண்ணுருவம் கரையாதிருக்க மழையற்ற நாள்கள் வேண்டும். தீமிதிக்குக் காய்ந்த விறகு வேண்டும். விடிய விடியக் கூத்துப் பார்ப்போர்க்கு மறுநாள் காலையில் வயல்வேலை இருத்தல் ஆகாது. கூத்துக் கலைஞர்களுள் பலரும் உழவுத் தொழிலாளராதலின் அவர்க்கும் அவ்விடுப்பு தேவை. விழாவுக்கான வரி நெல்லாகத் திரட்டப்பட்ட இடங்களில், அறுவடை முடிந்திருத்தலும் தேவையாயிற்று. பின்னர் வந்த டூரிங் டாக்கீசும் இதே மழையற்ற இரவுகளை நம்பியே கொட்டகை போட்டது. 1905இல் சாமிக்கண்ணு வின்சென்ட் தொடங்கிவைத்த ஊர்சுற்றும் திரைக்காட்சி மரபின் கிராமத்து வடிவம் அது. மணல் குவித்து அமர்ந்து படம் பார்த்த கூட்டம், கூத்துப் பார்த்த கூட்டத்தின் தொடர்ச்சியே ஆகும்.

ஓய்வும் பசியும்

இதுவரை கூறியவற்றைக் கொண்டு கோடையை மகிழ்ச்சியின் பருவமாக மட்டும் வரைந்தால் வரலாறு திரிந்துவிடும். களத்து நெல்லைப் பத்தாயத்தில் சேர்த்தவருக்கு ஓய்வாக இருந்த மாதங்கள், அறுவடைக் கூலியைத் தின்று தீர்த்தவருக்கு வேலையற்ற மாதங்கள். ஒரே இடைவெளிக்கு இரு பொருள்கள் இருந்தன.

வடலூரில் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய நாள் 1867ஆம் ஆண்டு மே 23, வைகாசி மாதத்தின் நடுக்கோடை. அதன் காரணத்தைப் பருவத்தோடு மட்டும் பொருத்திவிட இயலாது. அவருடைய சீவகாருணிய நெறியே அதன் அடிப்படை. எனினும், அணையா அடுப்பு மூட்டப்பட்ட மாதம், இவ்வட்டாரத்து உழைப்பாளர் வீட்டில் அடுப்பு எரிவது அரிதாகும் மாதம் என்பதையும் ஆய்வாளர் கருத்தில் கொள்ள வேண்டும்.

வேலையற்ற காலத்தின் உழைப்பு வேறு வகையிலும் கோரப்பட்டது. வறண்ட ஏரியைத் தூர் வாருவதும் கரையை உயர்த்துவதும் குடிமராமத்து என்னும் வழக்காறாக இருந்தன. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இவ்வழக்காற்றைச் சட்டக் கடமையாக்க முயன்றது. ஊர்க் கடமையாகவும் அரசின் கட்டளையாகவும் கேட்கப்பட்ட அவ்வுழைப்புக்குக் கூலி இல்லை. 2006இல் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது முதற்கட்ட மாவட்டங்களுள் கடலூரும் ஒன்றாயிற்று. அதே ஏரி, அதே கோடை, அதே மண்வேலை. ஆனால் முதன்முறையாக அது கூலிக்குரிய உரிமையாயிற்று. இவ்வட்டாரக் கோடையின் வரலாற்றில் இதனைப் பெருமாற்றமாகக் கொள்ளலாம்.

நீர் நிற்காத கோடை

இடைவெளி சுருங்கியதற்குக் காரணங்கள் பல. 1956இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கப்பட்டு, 1962இல் அனல்மின் உற்பத்தி தொடங்கியது. மின்சாரம் ஆழ்துளைக் கிணற்றை இயக்கியது. மின்விசிறி மக்களைத் திண்ணையிலிருந்து அறைக்குள் அழைத்தது. சுரங்கத்திலிருந்து வெளியேற்றப்படும் நீர் வாலாஜா ஏரிக்கு வந்து சேர்ந்தது. சேத்தியாத்தோப்பில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்தபின் கரும்பு பரவியது. பத்து முதல் பன்னிரண்டு மாதங்கள் நிலத்தில் நிற்கும் அப்பயிருக்குக் கோடையிலும் நீர் பாய்ச்ச வேண்டும். கரும்பு நிற்கும் வயலில் மாடு மேயாது. பிள்ளைகள் விளையாடவும் இயலாது.

இறுதி மாற்றம் சென்னையிலிருந்து வந்தது. வீராணம் நீரைத் தலைநகருக்குக் கொண்டுசெல்லும் எண்ணம் 1960களின் இறுதியில் உருப்பெற்றுத் தடைப்பட்டது. அதற்கெனச் செய்யப்பட்ட பெருங்குழாய்கள் பல்லாண்டுகள் சாலையோரங்களில் கிடந்தன. 2004இல் புதிய வீராணம் திட்டம் நிறைவேறியது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்னும் அளவில், சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்துச் சுத்திகரிப்பு நிலையம் வழியாக, 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவுக்கு நீர் செல்கிறது. சென்னைக்கு நீர் மிகுதியாகத் தேவைப்படுவது கோடையில். 2019 ஜூனில் சென்னையைச் சூழ்ந்த ஏரிகள் வறண்டபோது வீராணத்து நீர் நகரைத் தாங்கிய துணைகளுள் ஒன்றாயிற்று. ஆகவே, முன்பு கோடையில் வறண்டு மேய்ச்சல் வெளியாகவும் மீன்பிடிக் குட்டையாகவும் மாறிய ஏரி, இன்று கோடையில் நீரைக் காத்து வைக்க வேண்டிய நீர்த்தேக்கமாயிற்று. அதன் நாட்காட்டியை உழவின் தேவையோடு நகரத்தின் தாகமும் சேர்ந்து வகுக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் கோடை ஓய்வு என்பது பாசன இடைவெளியின் சமூக வடிவம். வெயில் அதன் துணைக்காரணமே. இரண்டாவது, அவ்விடைவெளி நிலவுடைமைக்கு ஏற்பவும் தொழிலுக்கு ஏற்பவும் ஆண் பெண் வேறுபாட்டுக்கு ஏற்பவும் ஓய்வாகவோ பசியாகவோ உழைப்பாகவோ அமைந்தது. மூன்றாவது, கரும்பும் மின்சாரமும் நகரக் குடிநீரும் அவ்விடைவெளியைக் குறைத்துள்ளன.

தெருக்கூத்து நலிவதற்குத் திரைப்படத்தையும் தொலைக்காட்சியையும் காரணமாகக் கூறுவது வழக்கம். விடிய விடிய விழித்திருக்க இயன்ற இரவுகளும் பயிரற்ற வெளிகளும் குறைந்ததை அவ்விளக்கம் கணக்கில் கொள்வதில்லை. வட்டாரந்தோறும் விழா நாள்களையும் மதகு திறக்கும் நாள்களையும் அருகருகே வைத்து ஒப்பிடும் ஆய்வுகள் பெருகுமாயின், கலைகளின் வரலாற்றில் நீருக்குரிய இடம் இன்னும் தெளிவாகும்.