வண்டலூர் தந்த ஹெரால்டும் வீட்டுப் பட்டறையும்

நாம் பூனா என்று சொல்லிப் பழகிய இப்புனே நகரம் மோட்டார்த் தொழிலின் கோட்டையாக விளங்குவதை அன்பர்கள் அறிவர். ஆகுர்டியில் பஜாஜ், பிம்பிரியில் டெல்கோ, 1966ஆம் ஆண்டில் இங்கே தோன்றிய இந்திய மோட்டார் ஆராய்ச்சிச் சங்கம் எனப் பட்டியல் நீளும். இத்தொழிலை நம்பித் தமிழகத்தினின்று புறப்பட்டு வந்து இங்கேயே வேரூன்றிவிட்ட குடும்பங்கள் பல. ஆயினும், நாம் விட்டு வந்த மண்ணிலும் அந்நாளிலேயே ஒரு கார்த் தொழிற்சாலை நடைபெற்றது என்பதையும், அது ஈன்ற வண்டிகளுட் சில இன்றும் வீட்டு முற்றங்களில் உயிர் பெற்று எழுகின்றன என்பதையும் நம் இளைஞருள் எத்தனை பேர் அறிவர்?

சென்னையை அடுத்த வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனமே அது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனியும் சென்னை யூனியன் கம்பெனியும் கைகோத்து 1948இல் அதனைத் தோற்றுவித்தன. 1953இல் இந்திய அரசாங்கம் ஒரு கொள்கையை வகுத்தது. அயல்நாட்டு உறுப்புகளை இறக்கிப் பூட்டி விற்பது மட்டும் போதாது. வண்டியை இங்கேயே படிப்படியாக உற்பத்தி செய்யத் திட்டமுடையோரே தொழிலில் நிற்கலாம் என்பது அதன் சாரம். பேர்பெற்ற ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. கார் செய்வோராக எஞ்சி நின்ற மூவருள் கல்கத்தாப் பக்கத்து ஹிந்துஸ்தான் ஒருவர், பம்பாய் பிரீமியர் மற்றொருவர். மூன்றாமவர் நம் சென்னைக்காரர். அவர்கள் முதலில் வான்கார்டு முதலிய வண்டிகளைச் செய்தனர். 1961இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டை வெளியிட்டனர்.

இந்த ஹெரால்டின் பிறப்பில் ஒரு விந்தை உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடற்கூடு செய்து தந்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953இல் விலைக்கு வாங்கிவிட்டது. கூடும் சட்டமும் ஒன்றாய் இணைந்த வண்டிகள் பரவிவந்த அந்நாளில், அத்தகைய கூட்டை ஒரே அச்சாக வார்த்துத் தர ஆளில்லை. வேறு வழியின்றிப் பழைய முறைப்படியே சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தைத் தனியே செய்து, அதன்மேல் தகட்டுப் பகுதிகளைத் துண்டு துண்டாகப் போல்ட்டு போட்டு முடுக்கும் வண்டியாக ஹெரால்டை அமைத்தனர். வடிவம் வகுத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலோட்டி. வறுமையால் வந்த அவ்வமைப்பே பிற்காலத்தில் வீட்டுத் தச்சனுக்கு வரமாயிற்று. முன்சக்கர மூடிகளோடு சேர்ந்த பானெட் முழுவதும் முன்புறமாய்க் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினைச் சுற்றி நின்றும், சக்கரத்தின்மேல் அமர்ந்தும்கூட வேலை செய்யலாம். துருப்பிடித்த பகுதியை மட்டும் கழற்றிச் செப்பனிட்டு மீண்டும் பூட்டலாம். நான்கைந்து தோழரும் சில ஸ்பானரும் இருந்தால் உடற்கூட்டைச் சட்டத்தினின்று பிரித்து எடுத்துவிடலாம்.

குறைகளும் இல்லாமலில்லை. பின்சக்கரங்கள் குறுக்கே கிடக்கும் ஒரே வில்லில் தனித்தனியே ஊசலாடும். வளைவில் விரைந்து திரும்புங்கால் சக்கரம் உட்புறமாய் மடங்க முற்படும். நம் நாட்டுச் சாலைக்கும் சுமைக்கும் அது ஒவ்வவில்லை. மெக்கானிக்குகளும் முகம் சுளித்தனர். ஆங்கே சென்னைத் தொழிலாளரின் கைத்திறன் தலையெடுத்தது. இங்கிலாந்தில் இரு கதவுகளோடு மட்டுமே விற்ற ஹெரால்டுக்கு வண்டலூரில் நான்கு கதவுகள் வைத்தனர். 1968இல் வந்த மூன்றாம் மார்க்கு வண்டி அதுவே. பெரிய குடும்பத்தோடு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிற நாட்டில் இரு கதவுக் காரை எவர் விரும்புவார்? பின்னர் 1972இல் கெஸல் என்னும் பெயரில் உருமாற்றிய வண்டியை வெளியிட்டபோது, ஊசலாடும் அச்சை நீக்கிவிட்டு, இரு சக்கரத்தையும் இணைக்கும் முழு அச்சைப் பொருத்தினர். எஞ்சின் மட்டும் அதே பழைய 948 சி.சி. எஞ்சின்தான்.

ஆக, ஹெரால்டை முதன்முதலில் மாற்றியமைத்தவர்கள் அதனைச் செய்த தமிழ்நாட்டுத் தொழிலாளரே என்பது இக்கட்டுரையாளன் கருத்து. கெஸல் 1977இல் நின்றது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொணர்ந்தனர். பகட்டான கூட்டுக்குள் பழைய வான்கார்டு வழிவந்த எஞ்சினை வைத்தால் வாங்குவோர் எத்தனை நாள் பொறுப்பர்? 1988இல் அவ்வண்டியும் நின்றது. அன்றிலிருந்து ஹெரால்டுக்குத் தாய்வீடு இல்லை.

தாய்வீடு இல்லாத வண்டியை வீட்டிலேயே வைத்துச் செப்பனிடுவது எங்ஙனம்? கோவை ஜி.டி. நாயுடு அவர்கள் இளமையில் ஓட்டல் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனை அக்கக்காய்க் கழற்றி மீண்டும் பூட்டிக் கற்றதை அன்பர்கள் கேட்டிருப்பர். இன்றும் வழி அதுவே. கழற்றுமுன் ஒவ்வொரு மூட்டையும் படமெடுத்து, ஒவ்வொரு போல்ட்டையும் சீட்டெழுதிய பையிலிட வேண்டும். உறுப்புகளுக்கு நம்மூரில் நானா பேட்டையும், ஞாயிறும் புதனும் கூடும் ஜூனா பஜாரும் உள்ளன. சென்னைக்குப் போகிறவர்கள் புதுப்பேட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். ஹெரால்டின் போல்ட்டுகள் அங்குல அளவினவாதலின், மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டு முனை மழுங்கச் செய்தல் ஆகாது.

ஓரிடத்தில் மட்டும் மிகுந்த விழிப்பு வேண்டும். முன்சக்கரம் திரும்புவதற்கு அடியில் டிரனியன் எனப்படும் மரையிட்ட மூட்டு ஒன்றுண்டு. அதனுள் கியர் எண்ணெய்தான் செலுத்த வேண்டும் என்பது செய்தோர் விதி. நம் பட்டறைகளிலோ நிப்பிளைக் கண்டவுடன் கிரீஸை அடைத்துவிடும் வழக்கம் உண்டு. கிரீஸ் மரைக்குள் முழுதும் பரவாது; எஃகுத் தண்டு துருவேறித் தேய்ந்து, ஒருநாள் ஒடிந்து, சக்கரம் சாய்ந்துவிடும். பளபளப்பான வர்ணத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவிடுவோர் இச்சிறு எண்ணெய்க்குச் சோம்புவது வியப்பே!

இனி, மாற்றம் செய்யலாமா, கூடாதா என்பது வினா. பழைய டைனமோ மெல்ல ஓடுங்கால் விளக்குக்குப் போதிய மின்சாரம் தராது. ஆகவே ஆல்டர்னேட்டர் பூட்டுவோர் பலர். அக்கால ஆங்கில வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். அதனை முன்னரே மாற்றாமல் பூட்டினால் புதுப்பொருள் புகைந்துபோகும். இந்நாளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டமையால், பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் அதனைத் தாங்குவனவாக மாற்றுவது விருப்பமன்று, கட்டாயம். இவையெல்லாம் மீண்டும் கழற்றக்கூடிய மாற்றங்கள். எஞ்சினையே எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதும், சட்டத்தை வெட்டி ஒட்டுவதும் அப்படிப்பட்டவை அல்ல.

சட்டமும் இவ்விடத்தில் குறுக்கிடுகிறது. பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள், செய்தோர் முதலில் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. 2021 ஜூலையில் மத்திய அரசாங்கம் வெளியிட்ட விதிகள் 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தனி மதிப்பளித்தன. வி.ஏ. என்ற எழுத்துகளோடு எண் கிடைக்கும், புதுப்பதிவுக்கு ரூ. 20,000 கட்டணம், பதிவு 10 ஆண்டு செல்லும். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம். நாள்தோறும் அலுவலகம் போகலாகாது. ஆனால் வண்டி மூல வடிவில் இருத்தல் வேண்டும். சட்டத்திலோ கூட்டிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்திருத்தல் கூடாது.

ஹெரால்டின் மூல வடிவம் எது? மிக்கலோட்டி வரைந்த இரு கதவுக் காரா, வண்டலூரார் வைத்த நான்கு கதவுக் காரா? கெஸலின் முழு அச்சை ஒருவர் தம் ஹெரால்டுக்குப் பூட்டினால், அதே தொழிற்சாலை செய்த திருத்தத்தையே அவர் செய்தவராகிறார். எனினும் அதனைத் தாங்கச் சட்டத்தில் இரும்பை ஒட்டவைத்தால் விதியின் கண்ணில் அது பெருமாற்றமே. அந்தந்த வண்டி எந்த ஆண்டில் தொழிற்சாலையை விட்டு எப்படி வெளிவந்ததோ, அதுவே அதன் மூலம் எனக் கொள்வது தகும். 1961இல் வந்ததை அச்சோடும், 1968இல் வந்ததை நான்கு கதவோடும் காப்பதே சென்னைத் தொழிலாளருக்கும் நியாயம் செய்வதாகும்.

ஆதலின், காரை வைத்திருக்கும் அன்பர்கள் செப்பனிடப் புகுமுன், சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துள்ளனவா எனப் பார்த்துக் குறித்துக்கொள்ளல் நலம். ஆல்டர்னேட்டர் பூட்டினாலும், கழற்றிய டைனமோவைக் காயலான் கடைக்குத் தள்ளாமல், எண்ணெய்த் துணியில் சுற்றித் தேதியெழுதிப் பரணில் வைத்திருங்கள், வி.ஏ. எண்ணுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அது தேவைப்படலாம்.