படிக்கவும் குறிப்பெடுக்கவும் குட்டி டேப்லெட்... வாங்கும் முன் இதெல்லாம் செக் பண்ணுங்க!

மொபைலில் பிடிஎஃப்பைத் திறந்து, விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் நகர்த்திப் படித்தே அலுத்துப்போச்சா? 'பேசாம ஒரு குட்டி டேப் வாங்கிடலாம்' என்று தோன்றியிருக்கும். நல்ல யோசனைதான். ஆனால், ரேம், கேமரா, ஸ்பீக்கர் எனக் கடையில் அடுக்குவதை மட்டும் கேட்டு வாங்கினால், அது படம் பார்க்கும் டேப்பாக மட்டுமே மிஞ்சும். படிக்கவும் எழுதவும் பார்க்க வேண்டிய விஷயங்களே வேற!

என்ன படிக்கப்போறீங்க?

நாவல், கதை போன்ற இ-புக் என்றால் எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரிகள் திரைக்கேற்ப மடங்கிக்கொள்ளும். 7, 8 இன்ச் திரையே தாராளம். பிடிஎஃப் அப்படி மடங்காது. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. 8.3 இன்ச் ஐபேட் மினியின் திரை அகலமோ சுமார் 11.5 செ.மீ-தான். முழுப் பக்கத்தையும் திரையில் வைத்தால் எழுத்து கிட்டத்தட்ட பாதியாகச் சுருங்கிவிடும். படுக்கைவாட்டில் திருப்பினால் ஓரளவு சமாளிக்கலாம். போட்டித் தேர்வுக்கு தினமும் ஏ4 நோட்ஸ் படிப்பவர்கள் 10 இன்ச்சுக்கு மேல் போவதே நல்லது.

எழுத்து தெளிவா இருக்கா?

ஒரு இன்ச்சுக்கு எத்தனை பிக்ஸல் என்பதுதான் இங்கே கணக்கு. ஐபேட் மினியில் 326, கிண்டில் பேப்பர்வொயிட்டில் 300. 8.7 இன்ச் கேலக்ஸி டேப் ஏ9-ல் சுமார் 180. வீடியோவில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் பொடி எழுத்துத் தமிழில் 'ண'வும் 'ன'வும் குழம்பும், மெய்யெழுத்தின் புள்ளி மங்கும்.

பேனா விஷயத்தில் உஷார்!

நிறைய பேர் ஏமாறும் இடம் இது. ரப்பர் முனை ஸ்டைலஸ் எந்த டச் ஸ்க்ரீனிலும் வேலை செய்யும். ஆனால், அது விரலுக்குப் பதில் ஒரு குச்சி, அவ்வளவுதான். நோட்டில் எழுதுவதுபோல கையைத் திரையில் ஊன்றி எழுத, பேனாவைத் தனியாக உணரும் வசதி டேப்பிலேயே இருக்க வேண்டும். வாங்கிய பிறகு அதைச் சேர்க்க முடியாது. டேப் ஏ9-க்கு எஸ் பென் சப்போர்ட் கிடையாது. டேப் எஸ்6 லைட்டில் பேனா பெட்டியிலேயே வரும், ஆனால் திரை 10.4 இன்ச்.

2024-ல் வந்த ஐபேட் மினி இந்தியாவில் அறிமுகமானபோது ஆரம்ப விலை 49,900 ரூபாய். பென்சிலுக்குத் தனிக் காசு. அதிலும் பென்சில் ப்ரோ, யுஎஸ்பி-சி பென்சில் இரண்டுதான் அதில் வேலை செய்யும். யாரிடமாவது மலிவாக இரண்டாம் தலைமுறை பென்சில் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள். நோட்ஸ் எழுத மட்டும் என்றால் விலை குறைந்த யுஎஸ்பி-சி பென்சிலே போதும். அழுத்தத்துக்கு ஏற்ப கோடு தடிமனாவது அதில் இருக்காது, படம் வரைபவர்களுக்குத்தான் அது குறை.

படிக்க மட்டும்தானா?

அப்போ டேப்பே வேண்டாம். பேப்பர்வொயிட் போன்ற இ-இங்க் ரீடர் பாருங்கள். காகிதம் மாதிரி இருக்கும், வெயிலிலும் படிக்கலாம், சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும். நோட்டிஃபிகேஷன் தொல்லையும் இல்லை. ஆனால், பேப்பர்வொயிட்டில் பேனாவால் எழுத முடியாது.

கடையில் 5 நிமிட டெஸ்ட்

* நீங்கள் வழக்கமாகப் படிக்கும் தமிழ் பிடிஎஃப்பைத் திறந்து, பெரிதாக்காமல் ஒரு பக்கம் படியுங்கள்.
* உள்ளங்கையை ஊன்றி நாலு வரி எழுதுங்கள். தேவையில்லாத கோடு விழுந்தால் வேண்டாம்.
* ஒரு கையில் பிடித்தபடியே படித்துப் பாருங்கள். ஐபேட் மினி சுமார் 300 கிராம்தான். 10 இன்ச் டேப்கள் பெரும்பாலும் 450 கிராமைத் தாண்டும்.
* பேனா, கவர் எல்லாம் சேர்த்து மொத்த பில் எவ்வளவு என்று கேளுங்கள்.
* சாஃப்ட்வேர் அப்டேட் இன்னும் எத்தனை வருஷம் வரும் என்பதையும் கேளுங்கள்.

கடைசியாக ஒண்ணு. ஒரு மாசம் சாதாரண நோட்டில் குறிப்பெடுத்துப் பாருங்கள். பத்துப் பக்கம்கூட தாண்டலைன்னா, உங்களுக்குத் தேவை பேனா வைத்த டேப் இல்லை, நல்ல ரீடர்தான். மிச்சமாகும் காசுக்குப் புத்தகம் வாங்கலாமே!