தெனாவரை நாயினாருக்கு வந்த சீன ஊதுவத்தி

2021 டிசம்பரில் சீனத் தூதுவர் வேட்டி கட்டி, மேலில் சட்டை இல்லாமல் நல்லூருக்குப் போன படத்தை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டம் சீனக் கம்பனிக்கா இல்லையா எண்ட இழுபறி நடந்த காலம் அது. சிலர் சிரித்தார்கள், சிலர் பயந்தார்கள். ஆனால் சீனத்திலிருந்து வந்த ஒருவர் தமிழ்ச் சாமிக்குக் காணிக்கை வைத்தது இது முதல்தரம் இல்லை. அதற்கு 600 வருசத்துக்கு முந்தின கல் ஒன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் நிற்கிறது.

1911 இல் காலி நகரில் ஒரு மதகுக்கு மூடியாகக் குப்புறக் கிடந்த கல் அது. தொமலின் எண்ட பொறியியலாளர் கண்டெடுத்தார். 1409 ஆம் ஆண்டுத் திகதி கொண்ட அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் எண்டு மூன்று மொழி. மிங் பேரரசர் யொங்லேயின் பெயரால் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்தது. சீனப் பகுதி புத்தருக்கு, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயினாருக்கு. தெனாவரை எண்டது தீவின் தென்கோடியிலுள்ள தெவிநுவர. நாயினாரைத் திருமால் எண்டு ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நாங்கள் அந்த ஊரைத் தொண்டேஸ்வரம் எண்டு பஞ்ச ஈஸ்வரங்களில் சேர்க்கிறோம்.

காணிக்கைப் பட்டியலைக் கொஞ்சம் ஆறுதலாக வாசிக்கவேணும். பொன் 1000, வெள்ளி 5000, பட்டு 100 சுருள், வாசனை எண்ணெய் 2500 கட்டி. இன்றைய கணக்கில் அந்த எண்ணெய் மட்டும் ஏறத்தாழ ஒன்றரைத் தொன். அதோட பித்தளைத் தூபக்கலசம் 5, பூச்சாடி 5 சோடி, மெழுகுதிரித் தண்டு 5 சோடி, விளக்கு 5, ஊதுவத்தி 10. மூன்று மொழியிலும் ஏறத்தாழ ஒரே பட்டியல்தான்.

இந்த ஐந்துகள் தற்செயல் இல்லை. சீனப் பீடத்தில் நடுவில் ஒரு தூபக்கலசம், இரண்டு பக்கமும் மெழுகுதிரித் தண்டு, பூச்சாடி எண்டு ஐந்து பொருள் வைப்பது வழக்கம். கணக்குப் பாருங்கோ: பட்டியலில் இருப்பது சரியாக ஐந்து முழுப் பீடத்துக்கான சாமான். அதாவது பேரரசர் தன்னுடைய ஊர் வழிபாட்டு முறையையே தமிழ்ச் சாமிக்கு அனுப்பியிருக்கிறார்.

அந்த முறையில் தூபக்கலசம்தான் உயிர். சீனக் கோயில்களில் அது பெரும்பாலும் வெட்டவெளியில், முற்றத்தில் நிற்கும். வருகிறவர் மூன்று ஊதுவத்தியைக் கொளுத்தி, நெற்றிமட்டத்துக்குத் தூக்கிக் குனிந்து கும்பிட்டு, சாம்பலில் குத்திவிட்டுப் போவார். நடுவில் பூசகர் தேவையில்லை. புதுக்கோயில் கட்டினால் தாய்க்கோயில் சாம்பலில் ஒரு பிடி கொண்டுபோவார்கள். சிங்கப்பூர் வாட்டர்லூ வீதியில் குவான் இம் கோயிலுக்கு வரும் சீனர்கள் பக்கத்திலுள்ள ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் வாசலிலும் இன்றைக்கும் ஊதுவத்தி வைக்கிறார்கள்.

ஆனால் அங்கே வைப்பவர் ஒரு சாதாரணப் பக்தர். காலிக்கு வந்தது பேரரசு. கல்லில் தேதி போட்டு இரண்டு வருசத்துக்குள், 1411 இல், இதே செங் ஹே இலங்கை ஆட்சியாளர் அழகேஸ்வரனைப் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். ஊதுவத்தியும் படையாட்களும் ஒரே கடற்படையின் கப்பல்களில்தான் வந்தார்கள். அதற்காக அந்த மரியாதை பொய் எண்டு சொல்ல நாங்கள் வரவில்லை. யுன்னானில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த செங் ஹே கடற்தெய்வம் தியன்ஃபெய்க்கும் கல்வெட்டு நட்டவர். பக்தியும் கணக்கும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம்.

எங்களுக்கு இதைவிட முக்கியமான இன்னொரு விசயம் இருக்கிறது. தீவின் தென்கரையில் பேசவந்த ஒரு பேரரசு தமிழைத் தவிர்க்க முடியாத மொழியாகக் கண்டது. கல் சீனாவிலேயே செதுக்கப்பட்டுக் கப்பலில் வந்தது எண்டு ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் அங்கே தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் இருந்திருக்கவேணும். அவருடைய பெயர் கல்லில் இல்லை. தெவிநுவரக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588 இல் இடித்துவிட்டார்கள். அந்தத் தூபக்கலசங்களும் இன்றைக்கு இல்லை. மிச்சம் இருப்பது பட்டியல் மட்டும்தான்.

வடக்குக்கு இனியும் தூதுவர்கள் வருவார்கள், டில்லியிலிருந்தும் பீஜிங்கிலிருந்தும். தட்டில் என்ன இருக்கிறது எண்டு பார்ப்பம், கும்பிடுகிற கையை மதிப்பம். பின்னால் நிற்கிற கப்பலையும் எண்ணிப் பார்ப்பம்.