மதிலின் மேல் ஒரு பூங்கா

ராயபுரத்துக்குத் தெற்கே, பழைய ஜெயில் சாலையோரம், மாடிப் பூங்கா என்றோர் இடம் உண்டு. பூங்காவுக்கு ஏது மாடி என்று கேட்கத் தோன்றும். அது அமைந்திருப்பது பழைய நகர மதிலின் எச்சத்தின் மேல். நெருக்கமான தெருக்காரர்கள் காற்றாட உட்காரட்டும் என்று 1957இல் மாநகராட்சி பூங்கா அமைத்தபோது, மேடு எழுப்பும் மண்வேலை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்திருந்தது.

அவ்வேலையைச் செய்வித்தது அச்சம். 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை கறுப்பர் நகரத்துள் புகுந்தது. 1767இல் மைசூர்க் குதிரைப்படை சென்னையின் புறப்பகுதிகளைச் சூறையாடியது. பிறகே பால் பென்ஃபீல்டு என்னும் ஒப்பந்ததாரர், 1769 முதல், வடக்கிலும் மேற்கிலும் மதிலை எழுப்பினார். செலவைக் குடிகளிடம் வரியாகப் பிரிக்க எண்ணினார்கள், நடக்கவில்லை. வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது.

கோட்டையை ஒட்டிய வெளியின் கதை இன்னும் கசப்பானது. பீரங்கியின் பார்வைக்கு இடையூறு என்று பழைய கறுப்பர் நகரத்தின் வீடுகளை, திண்ணையும் முற்றமுமாக, இடித்து நிரவினார்கள். 1757இல் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. கோயிலுக்காவது மாற்று நிலம் கிடைத்து, பூக்கடையில் மீண்டும் எழுந்தது. 1773இல், இதைத் தாண்டி வீடு கட்டலாகாது என எல்லைத்தூண்கள் நட்டார்கள். ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. வீடுகள் இருந்த அந்த வெளியில்தான் 1892இல் உயர்நீதிமன்றம் திறக்கப்பட்டது.